பாட்டியை உட்கார வைக்காதீர்கள்



உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார்களா? இருந்தால், இன்று மாலை அவர்கள் தரையிலிருந்து எழுந்திருப்பதைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா முருகா!” என்ற பெருமூச்சுடன் எழுவார்கள். உடனே வீட்டிலுள்ள யாராவது, “உங்களை யாரு எழுந்திருக்கச் சொன்னது? பேசாம உட்காருங்க. என்ன வேணும்னு சொன்னா நாங்க எடுத்துத் தர மாட்டோமா?” என்பார்கள். அன்பினால் சொல்லும் சொல்தான். ஆனால் அந்த அன்பே எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டு வலி என்றால் நம் வீடுகளில் இரண்டே பதில்கள்தாம் வழங்குகின்றன. ஒன்று, ‘வயதானால் அப்படித்தான்’. மற்றொன்று, ‘நடக்காமல் உட்கார்ந்திருங்கள்’. முதல் பதில், மருத்துவரிடம் போக வேண்டியவரைப் போக விடாமல் தடுக்கிறது. இரண்டாம் பதில், நடக்க வேண்டியவரை நடக்க விடாமல் செய்கிறது. இந்த இரண்டு பதில்களையும் மாற்ற வேண்டும். அதை மாற்றக்கூடியவர்கள், அறிவியல் படிக்கும் நீங்கள்தாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது என் பாட்டிக்கு முழங்கால் வலி வந்தது. நாள்தோறும் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் நடந்து பழகியவர். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். தண்ணீர் கேட்டால் நான் ஓடுவேன். வெற்றிலைப் பெட்டி கேட்டால் தங்கை ஓடுவாள். ஓராண்டில் பாட்டியின் தொடைகள் மெலிந்துவிட்டன. உடல் எடையோ கூடிவிட்டது. இரண்டாம் ஆண்டில், கொல்லைப்புறம் போவதற்கே இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. வலி மட்டும் குறையவே இல்லை.

அதே வீட்டில் என் அத்தைக்கும் வலி வந்தது. அவருக்கு அப்போது 34 வயது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. பால் செம்பைத் தூக்கவும் முடியாது. பதினொரு மணிக்கு மேல்தான் கைகள் சற்று இளகும். “வாயுதான், கிழங்கு சாப்பிடாதே” என்றார்கள். தைலம் தேய்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மருத்துவரிடம் போனபோது அவருடைய விரல்கள் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்து கோணிவிட்டிருந்தன. “முன்பே வந்திருக்கலாமே அம்மா” என்றார் மருத்துவர். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

இருவருக்கும் வந்தது மூட்டு வலிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள். இருவருக்கும் நாங்கள் செய்தது தவறு.

மூட்டு, கதவுக் கீல் அன்று

மூட்டு நோய்க்குக் ‘கீல்வாதம்’ என்று ஒரு பெயர் உண்டு. கீல் என்றால் மூட்டு. கதவு திரும்புவதற்குப் பொருத்தும் இரும்பையும் கீல் என்றே சொல்கிறோம். இந்த ஒப்புமைதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. இரும்புக் கீல் எவ்வளவுக்கு எவ்வளவு திரும்புகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு தேயும். ஆகவே, தேய்ந்த மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் மீதியாவது மிஞ்சும் என்று நினைக்கிறோம். ஆனால் இரும்புக்கு உயிர் இல்லை. மூட்டுக்கு உயிர் உண்டு.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், எலும்பு முனைகளின்மேல் சில மில்லிமீட்டர் கனத்திற்கு வழவழப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. மூட்டைச் சுற்றி ஓர் உறை. அந்த உறையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு. இந்தச் சவ்வு சுரக்கும் வழுவழுப்பான நீர்தான் மூட்டுக்கு எண்ணெய் போன்றது. நலமான முழங்காலில் அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அப்படியானால் அதிலுள்ள உயிரணுக்களுக்கு உணவு எப்படிக் கிடைக்கிறது? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் ஒரு பஞ்சுறிஞ்சியை, அதாவது ஸ்பாஞ்சைப் போடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு மையையும் விடுங்கள். ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கி விட்டால், உள்ளே இருந்த நீர் வெளியேறி, மை கலந்த நீர் உள்ளே ஏறும். குருத்தெலும்பும் ஏறக்குறைய இப்படித்தான் உணவு பெறுகிறது. அடி எடுத்து வைக்கும்போது அது அமுங்குகிறது. பழைய நீர் வெளியேறுகிறது. காலைத் தூக்கும்போது விரிகிறது. உணவு கலந்த மூட்டு நீர் உள்ளே நுழைகிறது. ஆகவே, உட்கார்ந்தே இருக்கும் மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு என்றே சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டும் அன்று. தொடையின் முன்புறத் தசைகள் வலுவாக இருந்தால், ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியிலும் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்ளும். நடக்காதவரின் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின்மேல் சுமை கூடும். சுமை கூடினால் வலி கூடும். வலி கூடினால் மீண்டும் உட்காரத் தோன்றும். என் பாட்டி இந்தச் சுழலில்தான் சிக்கிக்கொண்டார். அவரை அதில் தள்ளிவிட்டவர்கள், அவரிடம் அன்பு கொண்ட நாங்களே.

உடல் எடையின் கணக்கு இன்னும் வியப்பானது. முழங்கால் தேய்வு உள்ள பருமனான முதியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து, 2005-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதுள்ள சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தவர் எத்தனை கிலோவை இறக்கி வைத்தார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

விரலைச் சொடுக்கிய மருத்துவர்

‘விரலைச் சொடுக்காதே, மூட்டு தேய்ந்துவிடும்’ என்று நீங்களும் திட்டு வாங்கியிருப்பீர்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் சிறு வயதில் தம் வீட்டில் இப்படித் திட்டு வாங்கியவர்தான். உண்மையா என்று பார்த்துவிட அவர் முடிவு செய்தார். 50 ஆண்டுகள், நாள்தோறும் குறைந்தது இரு முறை, இடக்கை விரல்களை மட்டும் சொடுக்கினார். வலக்கையைச் சொடுக்காமல் விட்டுவைத்தார். ஏன் தெரியுமா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும் அல்லவா! முடிவை 1998-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். இரு கைகளிலும் மூட்டு நோய் இல்லை. இரண்டுக்கும் வேறுபாடும் தெரியவில்லை. சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2009-இல் அவருக்குக் கிடைத்தது.

ஒரே ஒருவரின் கையை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்பதை அப்படியே ஏற்காமல், சோதித்துப் பார்க்கலாம் என்று அவர் நினைத்தாரே, அதைத்தான் நாம் பின்பற்ற வேண்டும். ‘உட்கார்ந்தால் வலி தீரும்’ என்பதையும், ‘கிழங்கு தின்றால் வாயு பிடிக்கும்’ என்பதையும் நாம் எப்போதாவது இப்படிச் சோதித்தோமா?

ஒரு பெயரில் பல நோய்கள்

மூட்டைத் தாக்கும் நோய்கள் நூற்றுக்கு மேல் உண்டு. அவற்றுள் சிலவற்றையாவது நீங்கள் பிரித்து அறிய வேண்டும்.

என் பாட்டிக்கு வந்தது மூட்டுத் தேய்வு. உலகில் மிகுதியாகக் காணப்படும் மூட்டு நோய் இதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் ஏறக்குறைய 52.8 கோடிப் பேருக்கு இது இருந்தது. இவர்களில் நூற்றுக்கு 73 பேர் 55 வயதைக் கடந்தவர்கள். ஆகவே வயதுக்குத் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மீதி 27 பேர் யார்? பருமன், பழைய அடி, ஓயாமல் மண்டியிட்டுச் செய்யும் வேலை ஆகியவையும் இந்நோய்க்குக் காரணங்கள். வயதை நம்மால் குறைக்க முடியாது. மற்றவற்றுள் பலவற்றை நம்மால் மாற்ற முடியும்.

என் அத்தைக்கு வந்தது முடக்குவாதம். இதை ருமட்டாய்டு மூட்டழற்சி என்பார்கள். இது தேய்மானம் அன்று. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படை, பகைவன் யார் என்று அறியாமல், மூட்டு உறையின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. 2019-இல் உலகில் 1.8 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. முதுமைக்குக் காத்திராமல் நடு வயதிலேயே வந்துவிடும். வேலைக்குப் போகும் வயதில், பிள்ளைகளை வளர்க்கும் வயதில் வரும் நோயை ‘வயதானால் அப்படித்தான்’ என்று ஒதுக்கலாமா?

கால் பெருவிரல் நள்ளிரவில் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் துடிக்கும்படி வலித்தால், அது யூரிக் அமிலத்தின் வேலையாக இருக்கலாம். இரத்தத்தில் மிகுந்துவிட்ட அந்த அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிகிறது. கௌட் என்று பெயர்.

சிக்குன்குனியா நீங்கள் அறிந்ததே. 1952-இல் இன்றைய தான்சானியாவில் இந்நோய் பரவியபோதுதான் அது அடையாளம் காணப்பட்டது. வளைந்து முடங்கிப்போவதைக் குறிக்கும் அங்குள்ள மக்களின் சொல்லே அதன் பெயராயிற்று. 2006-இல் அது தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் பரவியது. காய்ச்சல் போன பிறகும் பலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நீடித்தது. இதற்குக் காரணம் கொசு கொண்டுவரும் வைரஸ். இங்கே தைலத்தைவிட, தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பது பெரிய மருத்துவம்.

‘இதெல்லாம் பெரியவர்களின் நோய்’ என்று எண்ணிவிடாதீர்கள். 16 வயதுக்கு முன் தொடங்கி, 6 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூட்டழற்சி குழந்தைகளுக்கும் வருகிறது. இன்னொரு நோய், வாதக் காய்ச்சல். இது பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களைத்தான் பிடிக்கிறது. முதலில் தொண்டைப் புண். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலுடன் மூட்டு வலி. இன்று முழங்கால், நாளை கணுக்கால், மறுநாள் முழங்கை என்று வலி இடம் மாறும். பிறகு மூட்டு சரியாகிவிடும். ஆனால் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருக்கலாம். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவர்கள் இதைச் சொல்வதுண்டு. பெனிசிலின் மருந்தால் இதைத் தடுக்க முடியும். உங்கள் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு இப்படி வந்தால், ‘வளருகிற பிள்ளைக்கு வரும் வலிதான்’ என்று விட்டுவிடுவது எவ்வளவு பெரிய தவறு!

மருந்து வந்த வழி

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1948-இல் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு, பின்னால் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950-இல் ஹென்ச், கெண்டால், ரெய்க்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. தொடர்ந்து மிகுதியாகக் கொடுத்தால் முகம் வீங்குகிறது, எலும்பு வலுவிழக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, தொற்று நோய்கள் எளிதில் பிடிக்கின்றன என்பது தெரிய வந்தது. இன்றும் இவ்வகை ஸ்டீராய்டு மருந்துகள் தேவைதான். மருத்துவரின் கண்காணிப்பில், தேவையான அளவில், தேவையான காலம் மட்டும்.

இதை ஏன் சொல்கிறேன்? ‘மூன்றே நாளில் மூட்டு வலி போகும்’ என்று பெயரில்லாத பொட்டலங்களில் விற்கும் பொடிகள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மூன்று நாளில் வலி போவது உண்மையாகவே இருக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை பின்னால்தான் தெரியும்.

முடக்குவாதத்துக்கு இன்று முதலில் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். இதன் வரலாற்றில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவருக்குப் பங்கு உண்டு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் 1895-இல் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்று, அமெரிக்கா சென்றவர். அங்கு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவரும் அவருடைய குழுவினரும், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களை உருவாக்கினார்கள். நோக்கம் வேறு, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அவை பயன்பட்டன. 1948-இல் சுப்பாராவ் காலமானார். அக்குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்டைச் சிறு அளவில் கொடுத்தால் வழி தவறிய காவற்படை அடங்குகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1988-இல் அமெரிக்க அரசு இதை முடக்குவாத மருந்தாக ஏற்றது. இந்நோய்க்கு இதை வாரத்துக்கு ஒரு முறைதான் உட்கொள்ள வேண்டும். தவறி நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் யாராவது இதை உட்கொண்டால், எந்தக் கிழமை என்று நாட்காட்டியில் குறித்து வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

ஆனால் எந்த மருந்தும், அரித்துப்போன எலும்பை முன்போல் ஆக்காது. நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் மருத்துவம் தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்கலாம். என் அத்தை இழந்தது அந்த மாதங்களைத்தான்.

நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வீட்டில் யாராவது மூட்டு வலி என்று சொன்னால், ‘வயசாயிடுச்சு’ என்று சொல்வதற்கு முன் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? தேய்வாக இருந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அழற்சி என்று ஐயப்பட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எந்த மூட்டு? ஒரு முழங்காலா? இரு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டுகளா? இடம் மாறுகிறதா?

மூன்றாம் கேள்வி: வீக்கம், சூடு, சிவப்பு, காய்ச்சல் உண்டா? ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விடைகளை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டு போகச் சொல்லுங்கள். நோயைத் தீர்மானிப்பது உங்கள் வேலை அன்று. அது மருத்துவர் வேலை. கவனித்துக் குறித்துக் கொடுப்பது உங்கள் வேலை.

‘அப்படியானால் ஓய்வே கூடாதா?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் ஓய்வு வேண்டும். அடிபட்ட மூட்டுக்கும் ஓய்வு வேண்டும். நான் மறுப்பது ஆண்டுக்கணக்கான ஓய்வை. முழங்கால் தேய்வு உள்ளவர் சமதரையில் சிறிது தூரம் நடக்கலாம். நாற்காலியில் நேராக உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்கலாம். இப்படிக் காலுக்குப் பத்து முறை. தொடக்கத்தில் சிறிது வலி தெரியும். அது மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அடங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். தரையில் சம்மணமிடுவதையும் குந்துவதையும் தவிர்த்து, நாற்காலியும் உயர்ந்த கழிப்பறை இருக்கையும் கொடுங்கள். கைத்தடி ஊன்றுபவரானால், வலி இல்லாத பக்கத்துக் கையில் தடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பலரும் இதை மாற்றியே செய்கிறார்கள்.

பாட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுங்கள். அதில் அன்பும் இதமும் இருக்கிறது. ஆனால் தேய்த்து முடித்தவுடன் செருப்பை எடுத்துக் கொடுங்கள். இன்று மாலை அவர் தண்ணீர் கேட்டால் ஓடிப்போய்க் கொண்டு வராதீர்கள். “வாங்க பாட்டி, ரெண்டு பேரும் சேர்ந்தே போய் எடுத்துக்கலாம்” என்று கை கொடுங்கள். என் பாட்டிக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.